20 நிமிடப் பாட்டா, 4 நிமிடப் பாட்டா: பிராக் மெட்டலில் எது மேல்?

நெடும்பாதை | வெள்ளி, இரவு 10:42

நேராகவே சொல்லிவிடுகிறேன். பிராக் மெட்டலில், அதாவது தாளமும் மெட்டும் அடிக்கடி மாறும் புரோகிரசிவ் மெட்டல் என்ற கனத்த ராக் இசையில், நீண்ட பாட்டுதான் மேல். சின்னப் பாட்டு கேட்க ஆசையென்றால் மெட்டலில் அதற்கு எத்தனையோ வகை இருக்கிறது. இந்த வகையைத் தேடி வருவதே ஒரு மெட்டு மெதுவாக வளர்ந்து, எங்கெங்கோ போய், வேறு ஆளாகத் திரும்பி வருவதைக் கேட்கத்தான்.

நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு ட்ரீம் தியேட்டர் குழுவின் ‘எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்’ கேட்டேன். 1995இல் வந்தது. 23 நிமிடம், ஏழு பகுதிகள். தொடக்கத்தில் ஒரு கிதார் மெட்டு மெல்ல வரும். பிறகு அது காணாமல் போய்விடும். நடுவில் என்னென்னவோ நடக்கிறது. ஒரு மகன், அம்மா வீட்டை விட்டுக் கிளம்பிய அந்தக் கடைசிக் காலை, அதற்குப் பிறகான வருடங்கள். வரிகளை எழுதிய டிரம்ஸ் கலைஞர் மைக் போர்ட்னாய் இளம் வயதில் தாயை விமான விபத்தில் பறிகொடுத்தவர். கடைசியில் பாட்டு அடங்கும் நேரத்தில் அந்த முதல் மெட்டு திரும்ப வருகிறது. எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், நேற்றும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இதை நான்கு நிமிடத்தில் செய்ய முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சுருதிபேதம் | வெள்ளி, இரவு 11:15

நண்பரே, அந்தப் பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த ஒன்றைக் காட்டி எல்லா நீண்ட பாட்டுக்கும் பட்டம் சூட்டுவதை ஏற்க முடியவில்லை.

சினிக் குழுவின் ‘ஃபோகஸ்’ 1993இல் வந்தது. எட்டுப் பாட்டு, மொத்தம் 36 நிமிடம். ஏதீஸ்ட்டின் ‘அன்குவெஸ்ச்சனபிள் பிரசன்ஸ்’ 1991. அதிலும் எட்டுப் பாட்டு, 32 நிமிடம். இரண்டு ஆல்பத்தையும் சேர்த்தால்கூட 70 நிமிடத்தைத் தொடாது. ஓபெத் குழுவின் ‘மார்னிங்ரைஸ்’ 1996. ஐந்தே பாட்டு, 66 நிமிடம். எனக்கு ஓபெத் உயிர். ஆனாலும் கேட்கிறேன், எதில் விஷயம் அதிகம்? ஏதீஸ்ட்டின் ஒரு பாட்டில் மூன்று நிமிடத்துக்குள் தாளம் எத்தனை முறை மாறுகிறது, பேஸ் கிதார் எத்தனை முறை மற்ற கிதார்களை விட்டுப் பிரிந்து தனி வழி போகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு இடம்கூட சும்மா நிற்காது.

நீண்ட பாட்டுகளில் என்னை வருத்துவது ஒன்றுதான். பத்தாவது நிமிடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது. கிதார் எட்டு அளவு (தாளச் சுற்று) வாசிக்கும், கீபோர்டு எட்டு அளவு பதில் சொல்லும், மறுபடி கிதார், மறுபடி கீபோர்டு. வாசிப்பு பிரமாதமாக இருக்கும். பாட்டு மட்டும் வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும். அப்புறம் கோரஸ், அதாவது பல்லவி, வரும்போது அது எதற்குத் திரும்பி வந்தது என்றே மறந்திருக்கும்.

ஏழு தந்தி | வெள்ளி, இரவு 11:31

மெஷுகா குழுவை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? 2004இல் வந்த ‘ஐ’ ஒரே பாட்டு, 21 நிமிடம். அடுத்த வருடம் ‘கேட்ச் தர்ட்டித்ரீ’. 47 நிமிடம், நிற்காமல் ஓடும் ஒரே இசை, ஆனால் பதின்மூன்று டிராக்குகளாக வெட்டியிருக்கிறார்கள். அது பதின்மூன்று சின்னப் பாட்டா, ஒரு பெரிய பாட்டா? இதற்குப் பதில் தெரியாமல் நீளம் பற்றிப் பேச முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

நெடும்பாதை | வெள்ளி, இரவு 11:40

ஒரே பாட்டுதான். நடுவில் ஒரு டிராக்கை மட்டும் எடுத்துப் போட்டால் கதவு திறந்திருக்கும் வீட்டுக்குள் பாதிப் பேச்சில் நுழைந்த மாதிரி இருக்கும்.

பழைய நாடா | சனி, காலை 6:20

காலையில் எழுந்ததும் இதைப் படித்தேன். மகிழ்ச்சியாக இருக்கிறது. இந்த நீளம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வினைல் தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான் நல்ல ஒலியோடு கொள்ளும். ரஷ் குழு 1976இல் ‘2112’ ஆல்பம் செய்தபோது தலைப்புப் பாட்டு இருபதரை நிமிடம், முதல் பக்கம் முழுக்க அதுதான். அதற்கு முந்தைய ஆல்பம் சரியாகப் போகவில்லை. இனி சின்னதாகப் பாடுங்கள் என்று நிறுவனம் நெருக்கிய நேரத்தில் அவர்கள் செய்த காரியம் அது. ரஷ் மெட்டலா என்ற சண்டை வேண்டாம், இந்த வகையின் வேர் அங்கேதான். 1988இல் ஃபேட்ஸ் வார்னிங் ‘நோ எக்சிட்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை ஒரே பாட்டுக்குக் கொடுத்தார்கள். ‘தி ஐவரி கேட் ஆஃப் ட்ரீம்ஸ்’, 22 நிமிடம். அதாவது அன்று நீண்ட பாட்டு என்றால் ஒரு பக்கம். தட்டைத் திருப்பிப் போட எழுந்து போகும் வரைக்கும் ஒரு பாட்டு. அந்த அளவு மனிதக் காதுக்கும் பொருந்தியது.

பிறகு சிடி வந்தது. முதலில் 74 நிமிடம். எல்லை போய்விட்டது. 1996இல் எட்ஜ் ஆஃப் சானிட்டி குழுவின் டான் ஸ்வானோ ‘கிரிம்சன்’ செய்தார். 40 நிமிடம், ஒரே டிராக். நான் அதை முதலில் கேட்டது ஒரு நண்பன் பதிந்து கொடுத்த 90 நிமிட கேசட்டில். ஒரு பக்கம் 45 நிமிடம் என்பதால் முழுப் பாட்டும் அந்தப் பக்கத்திலேயே அடங்கியது. பிடித்த இடம் ஒன்று உண்டு. அதற்குப் போக நாடாவை முன்னும் பின்னும் சுற்றுவேன். ஒரு தடவைகூட நேராக அந்த இடத்தில் நின்றதில்லை, எப்போதும் நாலைந்து நிமிடம் முன்னாலேயே நிற்கும். சரி, இங்கிருந்தே கேட்போம் என்று விட்டுவிடுவேன். அப்படித்தான் மற்ற இடங்களும் எனக்குப் பிடித்துப்போயின.

இன்று ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 40 நிமிடப் பாட்டும் ஒன்று, 2 நிமிடப் பாட்டும் ஒன்று. அப்படியிருந்தும் இன்னும் இருபது நிமிடப் பாட்டு எழுதுகிறவர்களை நினைத்தால் எனக்கு அவர்கள் மீது தனி மரியாதை.

புதுக்காது | சனி, காலை 9:05

எல்லாருக்கும் வணக்கம். இந்த இசைக்குள் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். எட்டு நிமிடம் தாண்டினால் என் கவனம் சிதறிவிடுகிறது. ஓபெத்தின் ‘ஹார்வெஸ்ட்’ ஆறு நிமிடம், அதைப் பல நூறு முறை கேட்டிருப்பேன். அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ‘பிளாக்வாட்டர் பார்க்’ 12 நிமிடம், ஒரு முறைகூட முழுதாகப் பின்தொடர முடியவில்லை. கேட்கத் தெரியவில்லையா, இல்லை அது எனக்கானது இல்லையா?

இரட்டைமிதி | சனி, காலை 10:48

புதுக்காது, இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். வாசிக்கிறவனுக்கே கவனம் சிதறும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் குழு இருபது நிமிடப் பாட்டு ஒன்றை மேடையில் எடுத்தது. கைக்கும் காலுக்கும் கஷ்டமான இடங்களை மாதக்கணக்கில் பயிற்சி செய்திருந்தேன். அன்று அந்த இடங்கள் எல்லாம் சுத்தமாக வந்தன. நான் தவறியது எளிதான ஒரு இடத்தில். அதே ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வாசிக்கும் கிதார் துண்டு, பாட்டில் மூன்று முறை வரும். ஒவ்வொரு முறையும் அதிலிருந்து வெளியேறும் வழி வேறு. நான் இரண்டாம் முறையில் இருக்கிறேனா, மூன்றாம் முறையில் இருக்கிறேனா என்று ஒரு கணம் தெரியவில்லை. தவறான வழியில் போய்விட்டேன். மற்ற மூவரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மீண்டும் சேர நாற்பது வினாடி ஆனது. மேடையில் நாற்பது வினாடி எவ்வளவு நீளம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நான் நீண்ட பாட்டைப் படிக்கும் முறையையே மாற்றினேன். நிமிடக் கணக்கை விட்டுவிட்டேன். ஒரு தாளில் எது முதலில் வருகிறது, எது திரும்ப வருகிறது, திரும்பும்போது என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் எழுதுவேன். 12 நிமிடப் பாட்டு பெரும்பாலும் ஏழெட்டு வரிக்குள் அடங்கிவிடும். நீங்களும் ஒரு முறை அப்படிக் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை ஒரே ஒரு ரிஃபை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது எப்போது திரும்பும் என்று காத்திருங்கள். காத்திருக்க ஒன்று கிடைத்துவிட்டால் கவனம் சிதறாது.

இன்னொன்று. ‘பிளாக்வாட்டர் பார்க்’ தலைப்புப் பாட்டைத் தனியாகப் போடாதீர்கள். அதற்கு முந்தைய டிராக் ‘பேட்டர்ன்ஸ் இன் தி ஐவி’, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, பாடலே கிடையாது, மெல்லிய கிதார் இசை. அதிலிருந்து தொடங்குங்கள். காது முதலில் சின்ன ஒலிக்குப் பழகி நிற்கும்போது அந்தப் பெரிய ரிஃப் விழும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கான வாசற்படி அது.

சுருதிபேதம் | சனி, காலை 11:20

இரட்டைமிதி, உங்கள் பதிவிலேயே என் வாதமும் இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஒரு துண்டு இல்லாமல் பன்னிரண்டு நிமிடப் பாட்டு முழுமையாக வேலை செய்யவில்லை என்றுதானே சொல்கிறீர்கள்?

ரஷ் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ‘ஒய் ஒய் இசட்’, 1981. நாலரை நிமிடம்கூட இல்லை. தொடக்கத் தாளத்தைக் கவனியுங்கள். டொராண்டோ விமான நிலையத்தின் குறியீட்டு எழுத்துகள் மூன்றையும் மோர்ஸ் தந்தி மொழியில் தட்டினால் என்ன வருமோ அதுதான் அந்தத் தாளம். நீளம் குட்டை நீளம் நீளம், மறுபடி அதே, பிறகு நீளம் நீளம் குட்டை குட்டை. அது தானாகவே பத்து எண்ணிக்கையில், அதாவது ஐந்து தட்டுகளில் போய் உட்காருகிறது. வெளியே கிடந்த ஒரு விஷயத்தை எடுத்து அதிலிருந்து ஒரு பாட்டின் எலும்புக்கூடு முழுவதையும் செய்துவிட்டார்கள். இதற்கு மேல் பத்து நிமிடம் சேர்த்தால் என்ன கூடும்?

இரட்டைமிதி | சனி, பகல் 12:02

ஒன்றும் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். அந்த யோசனைக்கு நாலு நிமிடம்தான் ஆயுள். எனக்கு அந்தப் பாட்டு வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து பாடப் புத்தகம்.

ஆனால் டூல் குழுவின் ‘லேட்டரலஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். 2001, 9 நிமிடம் 24 வினாடி. முதல் வரிகளில் அசைகளை எண்ணினால் ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பிறகு இறங்கி ஐந்து, மூன்று. ஏறும்போது ஒவ்வொரு எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை, ஃபிபனாச்சி வரிசை. கோரஸில் தாளம் ஒன்பது, எட்டு, ஏழு என்று அளவுக்கு ஒன்றாகக் குறைந்து சுற்றும். அந்த மூன்று இலக்கத்தையும் வரிசையாகச் சேர்த்து எழுதினால் 987, அதுவும் அதே வரிசையில் வரும் எண். இந்தக் கணக்கெல்லாம் தெரியாமல் கேட்டாலும் உடம்புக்குத் தெரிகிறது. ஒன்பது, எட்டு, ஏழு என்று சுற்றும்போது ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் முன்னாலேயே வந்து முடிகிறது, யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி. அந்தத் தள்ளலை ஒரு முறை கேட்டால் போதாது. பல சுற்று வேண்டும், இடையில் அமைதி வேண்டும், மறுபடி சுற்று வேண்டும். இந்த யோசனைக்கு ஒன்பது நிமிடம் ஆயுள்.

ஆகவே நான் இப்படிக் கேட்பேன்: அந்தப் பாட்டு கையில் எடுத்திருக்கும் விஷயம் எவ்வளவு நேரம் கேட்கிறது, இசைத்தவர்கள் அந்த நேரத்தைக் கொடுத்தார்களா?

ஏழு தந்தி | சனி, பகல் 12:30

அசை எண்ணிக்கை பற்றி இன்றுதான் தெரியும். இப்போதே போட்டுக் கேட்கிறேன்.

நெடும்பாதை | சனி, பகல் 1:10

இரட்டைமிதி சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த நேரத்தைக் கொடுக்க வெளியிலிருந்து விடுவதில்லை, அதுதான் பெரிய குறை. ‘எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்’ 1989இலேயே எழுதப்பட்டது. 1992இல் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ ஆல்பத்தில் வந்திருக்க வேண்டியது, வரவில்லை. ரசிகர்கள் கேட்டுக் கேட்டுத்தான் 1995இல் பதிவானது.

பழைய நாடா | சனி, மாலை 4:45

அதற்கு அடுத்த கதையும் உண்டு தம்பி. 1997இல் ‘ஃபாலிங் இன்டூ இன்ஃபினிட்டி’. வானொலிக்கு ஏற்ற மாதிரி சின்னப் பாட்டாகக் கொடுங்கள் என்ற நெருக்கடியில் செய்த ஆல்பம். ‘மெட்ரோபோலிஸ்’ பாட்டின் இரண்டாம் பகுதி என்று இருபது நிமிடம் போல ஒன்றை மாதிரிப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அது ஆல்பத்தில் ஏறவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த விதையிலிருந்துதான் ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’ வந்தது, 77 நிமிடம், முழுக் கதை.

ஆனால் நியாயமாக இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1995இல் பதிவான வடிவம் 1989இல் எழுதியதே இல்லை. இடையில் மேடைகளில் வாசித்து வாசித்து மாற்றினார்கள். தாமதம் அந்தப் பாட்டுக்கு நல்லதையே செய்தது என்பது என் எண்ணம். உடனே பதிந்திருந்தால் இன்று உங்கள் தொண்டையை அடைக்கும் பாட்டாக அது இருந்திருக்குமா, தெரியாது.

இந்தக் காலத்தில் யாரும் நீண்ட பாட்டு கேட்பதில்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2019இல் டூலின் ‘ஃபியர் இனாக்குலம்’ பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு. அமெரிக்காவின் பில்போர்டு நூறு பட்டியலில் அதுவரை நுழைந்தவற்றிலேயே மிக நீளமானது அதுதான். அதே ஆல்பத்தின் ‘டெம்பெஸ்ட்’, பதினைந்தே முக்கால் நிமிடம். 2020இல் சிறந்த மெட்டல் இசைக்கான கிராமி விருது அதற்குத்தான் போனது.

சுருதிபேதம் | சனி, மாலை 6:30

கதை சொல்ல நீளம் வேண்டும் என்று நெடும்பாதையும் பழைய நாடா அண்ணாவும் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். குவீன்ஸ்ரைக் 1988இல் ‘ஆபரேஷன்: மைண்ட்கிரைம்’ கொடுத்தார்கள். பதினைந்து டிராக், 59 நிமிடம். பெரும்பாலும் நாலைந்து நிமிடப் பாட்டுகள். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துக் கேட்கலாம், தனியாகவே நிற்கும். சேர்த்துக் கேட்டால் ஒரு மனிதன் எப்படி வலையில் விழுந்தான், எப்படி எல்லாவற்றையும் இழந்தான் என்ற முழுக் கதை. நீண்ட பாட்டால் முடிவதெல்லாம் சின்னப் பாட்டுகளின் வரிசையாலும் முடியும். கூடவே, பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போகும் உரிமையும் கேட்பவருக்குக் கிடைக்கிறது.

நெடும்பாதை | சனி, மாலை 6:52

ஆனால் அந்த ஆல்பத்தின் நடுவில் ‘ஸ்வீட் சிஸ்டர் மேரி’ இருக்கிறதே. பத்து நிமிடத்துக்கு மேல். கதையில் மிகக் கனமான இடம் வந்தபோது அவர்களுக்கும் நாலு நிமிடம் போதவில்லை. மற்ற பாட்டுகள் சின்னதாக இருப்பதால்தான் அந்த ஒன்று அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றால் ஒப்புக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் நாம் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறோம்.

தாண்டிப் போகும் உரிமை பற்றி எனக்கு வேறு எண்ணம். டான் ஸ்வானோ நாற்பது நிமிடத்தை ஒரே டிராக்காக வைத்தபோது கேட்பவரிடம் ஒன்று கேட்டார்: என்னோடு கடைசி வரை வா. பழைய நாடா அண்ணாவின் கேசட் அனுபவம் அதைத்தான் காட்டுகிறது. பிடித்த இடத்துக்கு நேராகக் குதிக்க முடிந்திருந்தால் மற்ற இடங்கள் அவருக்குக் கிடைத்தே இருக்காது.

ஏழு தந்தி | சனி, இரவு 9:14

எல்லாரும் ‘திரும்பி வருவது’ பற்றியே பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்த்து நிற்கிறேன்.

ஓபெத்தின் ‘பிளாக் ரோஸ் இம்மார்ட்டல்’, 20 நிமிடம். ஒரு ரிஃப் வரும், முடியும், அடுத்தது வரும். பெரும்பாலும் போனது போனதுதான். இரட்டைமிதியின் தாளில் எழுதினால் ஏழெட்டு வரியில் அடங்காது, ஒரு பக்கம் ஆகும். பாட்டே இல்லை, ரிஃப்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று இதைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. இரவில் தெரியாத பாதையில் நடக்கும்போது வந்த வழியே திரும்புவேன் என்று எதிர்பார்த்தா நடக்கிறோம்? ஒரு அழகான கிதார் மெட்டு வருகிறது, அது இனி வராது என்று தெரிந்தே கேட்கும்போது அதன் மேல் வரும் பிரியம் தனி. கோரஸ் மேல் அந்தப் பிரியம் எனக்கு வருவதில்லை, அது எப்படியும் திரும்ப வரப்போகிறது.

மெஷுகாவின் ‘ஐ’யும் அப்படித்தான். 21 நிமிடத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. டிரம்ஸில் ஒரு சிம்பல் தட்டு மட்டும் நாலு நாலாக எண்ணிக்கொண்டே போகும், கிதாரும் காலால் அடிக்கும் பேஸ் டிரம்மும் வேறொரு நீளத்தில் சுழலும். இரண்டும் எப்போது சமத்தில் சேரும் என்று தெரியாமல் மிதந்துகொண்டே இருப்போம். அதை நாலு நிமிடத்தில் கொடுத்தால் புதிராக இருக்கும், கேட்பவர் விடை தேடுவார். 21 நிமிடம் கொடுத்தால் ஒரு கட்டத்தில் விடை தேடுவதை விட்டுவிடுவார். எனக்கு வேண்டியது அந்தக் கட்டம்.

இரட்டைமிதி | சனி, இரவு 10:05

ஏழு தந்தி, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். நான் தவறவிட்ட இடம் இது. திரும்பி வருவதற்கும் நேரம் தேவை, திரும்பாமலே போவதற்கும் நேரம் தேவை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, நகராமலே நிற்பது.

ஓபெத்தின் ‘டெலிவரன்ஸ்’, 2002, பதின்மூன்றரை நிமிடம். கடைசி மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே ரிஃப். கிதாரும் இரண்டு பேஸ் டிரம்மும் ஒரே அடியில் பூட்டிக்கொள்ளும், ஒரு மூச்சு நிற்கும், மறுபடி விழும். வாசித்துப் பார்த்தவனாகச் சொல்கிறேன், அதில் கஷ்டம் வேகத்தில் இல்லை. அந்த நிற்கும் மூச்சில் இருக்கிறது. கால் தானாக அடுத்த அடியை வைக்கப் பார்க்கும், அதைப் பிடித்து வைக்க வேண்டும். முதல் பத்து சுற்று நான் எண்ணி வாசிப்பேன். அதற்குப் பிறகு எண்ணுவது நின்றுவிடும், கால் மட்டும் இருக்கும். கேட்பவருக்கும் அதேதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

சுருதிபேதம் | சனி, இரவு 10:31

அந்த முடிவை நாற்பது வினாடியில் முடித்திருந்தாலும் அதே அழுத்தம் கிடைத்திருக்கும் என்பது என் நம்பிக்கை. யாராவது வெட்டிப் பார்த்ததுண்டா?

நெடும்பாதை | சனி, இரவு 10:38

நாளை பார்க்கிறேன். கணினியில் ஒலியை வெட்டி ஒட்டும் செயலி இருக்கிறது. வேறு இரண்டு பாட்டுகளையும் சேர்த்தே வெட்டிப் பார்க்கிறேன்.

புதுக்காது | ஞாயிறு, காலை 8:50

இரட்டைமிதி அண்ணா, நேற்று இரவு நீங்கள் சொன்னபடி ‘பேட்டர்ன்ஸ் இன் தி ஐவி’யிலிருந்து தொடங்கினேன். தாள் வைத்து எழுதினேன். ஆறு வரி வந்தது, எங்கேயாவது விட்டிருப்பேன். நடுவில் எல்லாம் அடங்கிப்போய்க் கிதார் மட்டும் ஒலிக்கும் இடத்தில் வழக்கமாகக் கைபேசியைப் பார்க்கப் போய்விடுவேன். நேற்று அங்கே கனமான ரிஃபுக்காகக் காத்திருந்தேன். அது வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். முதல் முறையாகக் கடைசி வரை கேட்டேன்.

இரட்டைமிதி | ஞாயிறு, காலை 9:10

இதைப் படித்ததில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அடுத்த முறை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள், வேறு ஆறு வரி வரும்.

நெடும்பாதை | ஞாயிறு, மாலை 5:20

வெட்டிப் பார்த்துவிட்டேன். உள்ளபடி சொல்கிறேன்.

முதலில் ‘எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்’. முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் ஒட்டினேன். ஏறக்குறைய ஏழு நிமிடம் வந்தது. இசையாகப் பார்த்தால் ஒட்டு நன்றாகவே பொருந்தியது. கடைசியில் அந்த மெட்டு திரும்பியது. ஐந்தாறு நிமிடத்துக்கு முன் கேட்ட மெட்டு மறுபடி வருகிறது என்று மட்டும் இருந்தது. வேறு எதுவும் இல்லை. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த வேறொரு இருபது நிமிடப் பாட்டு. நடுவில் கிதார், கீபோர்டு மாறி மாறி வரும் இடத்தில் மூன்றரை நிமிடத்தை எடுத்துவிட்டேன். பாட்டின் பெயரைச் சொல்லவில்லை, அதன் மேல் எனக்கு இருக்கும் அன்பு அப்படி. வெட்டியதை என் அண்ணனுக்குப் போட்டேன். என்னைவிட அதிகமாக அந்தப் பாட்டைக் கேட்டவன். முடியும் வரை கண்டுபிடிக்கவில்லை. சொன்ன பிறகு மறுபடி கேட்டுவிட்டு, இப்போது கோரஸ் திரும்பும்போது கூடுதல் பலமாக விழுகிறது என்றான். சுருதிபேதம், இது உங்களுக்கு.

கடைசியாக ‘டெலிவரன்ஸ்’ முடிவு. நாற்பது வினாடியாகக் குறைத்தேன். நல்ல முடிவுதான், பலமான முடிவு. பாட்டு முடிந்தது, அடுத்த பாட்டுக்குப் போனேன். பிறகு முழுதாகப் போட்டேன். ஒரு நிமிடம் தாண்டியதும் இது எப்போது முடியும் என்று தோன்றியது. இரண்டாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி போய்விட்டது. முடிந்த பிறகு அறை அவ்வளவு அமைதியாக இருந்தது, கொஞ்ச நேரம் எதையும் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

சுருதிபேதம் | ஞாயிறு, மாலை 6:05

மூன்றரை நிமிடக் கணக்கை நன்றியோடு எடுத்துக்கொள்கிறேன். நாற்பது வினாடிக் கணக்கில் நான் சொன்னது தவறு. நானும் இப்போது முழுதாகப் போட்டுக் கேட்டேன், நீங்கள் சொன்ன அதே இரண்டாவது நிமிடத்தில் எனக்கும் அந்தக் கேள்வி போனது.

ஏதீஸ்ட்டின் ஒரு பாட்டை எடுத்து ஒவ்வொரு ரிஃபையும் இரண்டு மடங்கு வாசிக்கிற மாதிரி நீட்டிப் பார்க்க முடியுமா? அது சிதைந்துவிடும் என்பது என் கணிப்பு. ஆனால் நேற்றும் கணித்துத்தான் சொன்னேன், ஆகவே கேட்டுப் பார்க்க வேண்டும்.

நெடும்பாதை | ஞாயிறு, மாலை 6:18

எந்தப் பாட்டு என்று சொல்லுங்கள், இன்றே செய்கிறேன்.

சுருதிபேதம் | ஞாயிறு, மாலை 6:21

‘மதர் மேன்’. ஆல்பத்தின் முதல் பாட்டு. பேஸ் தனியாகப் பிரிகிற இடங்களில் பார்த்து வெட்டுங்கள்.